பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் தோற்றமும் வைத்திய நிபுணர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1

ஏ. ஜே. குரோனின் 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த சிற்றடெல்' என்னும் நாவலை ஆங்கில இலக்கிய மாணவர் பலர் அறிவர். வேல்ஸ் தேசத்துச் சுரங்கப் பட்டினத்தில் நேர்மையாகத் தொழில் தொடங்கும் இளம் வைத்தியன் ஒருவன் இலண்டனுக்குச் சென்று, செல்வந்தரின் கற்பனை நோய்களுக்குக் கட்டணம் வாங்கிச் சீரழிந்து, பின்னர் தெளிவு பெறுவதே அதன் கதை. குரோனின் தாமே ஒரு வைத்தியர். 1920களின் தொடக்கத்தில் வேல்ஸின் திரெடீகர் என்னும் சுரங்கப் பட்டினத்திற் பணிபுரிந்தவர். தொழிலின் உள்ளே நின்று அதன் ஊழலைக் கண்ட எழுத்தாளர் என்ற வகையில் அவரது நாவல் வரலாற்றுச் சான்றாகவும் கொள்ளத்தக்கது. ஆயினும் நாவலின் நாயகன் ஈற்றிற் காணும் வழி, நல்லெண்ணம் படைத்த வைத்தியர் சிலர் கூடித் தொழில் செய்வது என்பதற்கு அப்பாற் செல்வதில்லை. நோய்க்கும் பணத்துக்குமிடையிலான உறவு தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாகவே அங்கு முடிவடைகின்றது.

அதே திரெடீகரில் அக்காலத்தில் வாழ்ந்த இன்னொருவர் அப்பிரச்சினையை வேறுவிதமாக நோக்கினார். 1897 இற் பிறந்து, சிறு பராயத்திலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, பின்னர் 1929 இற் பாராளுமன்றம் சென்ற அனைறின் பெவனே அவர். 1945 இல் அவர் சுகாதார அமைச்சரானார். 1948 யூலை 5 ஆந் திகதி பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை அவரது பொறுப்பில் தொடக்கி வைக்கப்பட்டது.

இச்சேவை உருவான கதை பெரும்பாலும் இரு வகையாகச் சொல்லப்படுகின்றது. ஒன்று, தொலைநோக்குடைய அமைச்சர் ஒருவரின் தனிப்பட்ட வெற்றி. மற்றையது, பிடிவாதம் மிக்க வைத்தியர்கள் இறுதியில் மனம் மாறிய கதை. இவ்விரண்டும் முழுமையானவையல்ல. வைத்தியர்கள் 'ஒரே குரலிற்' பேசினரெனினும் அவர்கள் ஒரே நலன் கொண்ட குழுவினராக இருக்கவில்லை. விசேட வைத்திய நிபுணர்களும் பொது வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் சட்டமியற்றுவோரிடம் எவற்றைக் கோரினர், எவ்வழிகளிற் கோரினர், அக்கோரிக்கைகள் சேவையின் உருவத்தை எவ்வாறு நிர்ணயித்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1911 ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டம் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளத்தக்கது. லொயிட் ஜோர்ஜ் கொண்டுவந்த இச்சட்டத்தின்படி குறைந்த வருமானமுடைய தொழிலாளர் வாராந்தம் செலுத்திய சந்தாவுக்கு ஈடாகப் பொது வைத்தியர் ஒருவரின் சிகிச்சையைப் பெற்றனர். பிரித்தானிய வைத்தியச் சங்கம் அதனைக் கடுமையாக எதிர்த்துக் கட்டண உயர்வைப் பெற்றபின் ஏற்றுக்கொண்டது. இந்த அனுபவத்தைச் சங்கத் தலைவர்கள் மறக்கவில்லை. எதிர்ப்பதும் பின்னர் இணங்குவதும் அவர்களது அரசியல் முறையாயிற்று.

சட்டத்தின் எல்லைகள் மனங்கொள்ளத்தக்கவை. தொழிலாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் இடமில்லை. வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் நிபுணர் ஆலோசனைக்கும் பொதுவாக இடமில்லை. பற்சிகிச்சை சட்டபூர்வ உரிமையன்று. மேலதிக நிதி வைத்திருந்த சில காப்புறுதிச் சங்கங்கள் மட்டும் அதனைச் சலுகையாக வழங்கின. உழைப்பவனின் உடல் வேலைக்குத் திரும்பவேண்டும் என்பதே சட்டத்தின் உள்ளார்ந்த தர்க்கமாயிருந்தது.

இந்த எல்லைகளைத் தாண்டிய முயற்சிகள் கீழிருந்து எழுந்தன. திரெடீகரில் 1890 இல் நிறுவப்பட்ட தொழிலாளர் வைத்திய உதவிச் சங்கம் அவற்றுள் ஒன்று. சுரங்கத் தொழிலாளர் தம் கூலியின் ஒவ்வொரு பவுணிலும் 3 பென்ஸ் அதற்கு வழங்கினர். அப்பணத்தைக் கொண்டு வைத்தியர்களையும் பல் வைத்தியரையும் தாதியரையும் சங்கமே வேலைக்கமர்த்தியது. தொழிலாளி மட்டுமன்றி அவன் குடும்பமும் சிகிச்சை பெற்றது. பட்டினத்தின் பெரும்பான்மையோர் இதனுட் சேர்ந்திருந்தனர். ஆனால் சுரங்கத் தொழிலாளரின் குழு ஒன்று வைத்தியரைத் தெரிவு செய்வதும், அவருக்குச் சம்பளம் நிர்ணயிப்பதும் வைத்தியத் தொழிலினருக்குப் பெரும் அவமதிப்பாகத் தோன்றின. தென் வேல்ஸிற் சங்கங்களுக்கும் வைத்தியர்களுக்குமிடையே நீண்டகாலம் நிகழ்ந்த தகராறுகளின் அடிப்படை இதுவேயாகும்.

விசேட நிபுணர்களின் நிலையோ முற்றிலும் வேறானது. பெயர்பெற்ற தரும வைத்தியசாலைகளில் அவர்கள் ஊதியமின்றிக் 'கௌரவ' வைத்தியர்களாகப் பணியாற்றினர். அங்கு பெற்ற புகழின் மூலம் செல்வந்த நோயாளரைத் தம் தனியார் தொழிலுக்கு ஈர்த்தனர். ஏழைகளின் படுக்கையருகே பெற்ற அனுபவமும் பெயரும் பணக்காரரின் வீட்டிலே கட்டணமாக மாறின. இதன் விளைவாக நிபுணர்கள் பணமுள்ள நகரங்களிற் குவிந்தனர். தொழிற்சாலைப் பிரதேசங்களிலும் சிறுபட்டினங்களிலும் சத்திர சிகிச்சையைப் பொது வைத்தியரே செய்யவேண்டியிருந்தது. 1939 இல் யுத்தம் தொடங்கியபோது அரசாங்கம் அவசரகால வைத்திய சேவையை அமைத்து நிபுணர் பலரைச் சம்பளத்துக்கு அமர்த்தி நாடெங்கும் அனுப்பியது. இலண்டன் நிபுணர்கள் மாகாண வைத்தியசாலைகளின் வறுமையை நேரிற் கண்டனர். அரச சம்பளம் பெறுவதால் நிபுணரின் கைத்திறன் குன்றிவிடாது என்பதும் அப்போது நடைமுறையில் நிரூபணமாயிற்று.

தொழிலின் உள்ளேயே மாற்றத்தை வேண்டியோரும் இருந்தனர். 1930 இல் அமைக்கப்பட்ட சோசலிச வைத்தியர் சங்கத்தின் தலைவரான சமர்வில் ஹேஸ்டிங்ஸ் ஒரு சத்திர சிகிச்சை நிபுணர்; தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினருமாவார். முழுச் சம்பளம் பெறும் வைத்தியர்களைக் கொண்ட இலவச அரச சேவையே அச்சங்கத்தின் குறிக்கோள். 1930களில் தொழிற்கட்சியின் சுகாதாரக் கொள்கையை உருவாக்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. நிபுணர்கள் அனைவரையும் ஒரே வர்க்க நலனின் கருவிகளாகக் கருதுவது வரட்டுவாதமாகும் என்பதற்கு ஹேஸ்டிங்ஸ் போதிய சான்று.

3

1942 திசெம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. அரசாங்க அறிக்கையொன்றை மக்கள் வரிசையில் நின்று வாங்கியமை யுத்தகால மக்கள் மனநிலையின் வெளிப்பாடாகும். 1944 இற் கூட்டரசாங்கம் தேசிய சுகாதார சேவை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அமைச்சர் வில்லிங்க் வைத்தியச் சங்கத்துடன் மூடிய கதவுக்குள் நடத்திய பேச்சுக்களில் அதன் முக்கிய அம்சங்கள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்பட்டன.

1945 யூலையில் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றது. பெவன் இவ்விடயத்தில் ஒரு கோட்பாட்டை வற்புறுத்தினார். தொழிற்சங்கமாயினும் தொழில்வல்லுநர் சங்கமாயினும் அதனுடன் அரசாங்கம் கலந்தாலோசிக்கலாம். ஆனால் சட்டமூலத்தின் உள்ளடக்கத்தைப் பாராளுமன்றம் அறியுமுன் வெளியார் எவருடனும் பேரம்பேசி முடிவு செய்யக்கூடாது. சட்டமூலம் 1946 மார்ச்சில் வெளியிடப்பட்டு, நவெம்பர் 6 ஆந் திகதி சட்டமாயிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 1,143 தரும வைத்தியசாலைகளும் 1,545 உள்ளூராட்சி வைத்தியசாலைகளும் அரசுடைமையாயின. தொழில் இடங்களை வைத்தியர்கள் விலைக்கு வாங்கி விற்கும் வழக்கம் ஒழிக்கப்பட்டு, அதற்கு நட்டஈடாக 6 கோடி 60 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. நோயாளரின் பட்டியல் ஒரு கடையின் இருப்பைப்போல விற்கப்பட்டு வந்தது என்பதை இந்தத் தொகையே புலப்படுத்தும்.

வைத்தியச் சங்கத்தின் எதிர்ப்பு உரத்த குரலில் அமைந்தது. சங்கத்தின் செயலாளர் சார்ள்ஸ் ஹில், யுத்தகாலத்தில் 'வானொலி வைத்தியர்' என வீடுதோறும் அறியப்பட்டவர். சங்கத்தின் முன்னாட் செயலாளரொருவர் இச்சட்டமூலத்தை ஜேர்மனிய நாசிசத்தை நோக்கிய முதற்படி என்று எழுதினார். அக்காலத்து வாதங்களில் இடையறாது ஒலித்த சொல் 'சுதந்திரம்' என்பதாகும். இலக்கிய மாணவர் ஒரு சொல்லை அது வழங்கும் சூழலில் வைத்து நோக்கக் கடமைப்பட்டவர். அவ்வாறு நோக்குமிடத்து, இச்சுதந்திரம் மூன்று பொருள்களைக் கொண்டிருந்தமை தெளிவாகும். விரும்பிய இடத்தில் தொழில் தொடங்கும் சுதந்திரம். தொழிலை விற்கும் சுதந்திரம். சம்பளக்காரர் ஆகாதிருக்கும் சுதந்திரம். நோயாளரின் சுதந்திரம், அதாவது கட்டணத்துக்கு அஞ்சாது வைத்தியரிடம் செல்லும் சுதந்திரம், அகராதியில் இடம்பெறவில்லை.

1948 பெப்ரவரியிற் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் சுமார் 40,800 பேர் சட்டத்தை எதிர்த்தனர். ஆதரித்தோர் சுமார் 4,700 பேரே. நிபுணர்களிலும் பெரும்பான்மையோர் எதிர்த்தனர். சேவை தொடங்குவதற்கு ஐந்து மாதங்களே இருந்தன. எண்ணிக்கையை மட்டும் நோக்கின் சட்டம் தோற்றுவிட்டது என்றே கருதவேண்டும்.

ஆனால் தீர்மானகரமான உரையாடல் வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. உள்நோய் வைத்தியர், சத்திர வைத்தியர், மகப்பேற்று வைத்தியர் ஆகியோரின் றோயல் கல்லூரிகள் மாணவர் பயிலும் கூடங்களல்ல. நிபுணர்களின் தொழிற் குழாங்கள். உள்நோய் வைத்தியரின் கல்லூரி 1518 இல் நிறுவப்பட்டது. அதன் தலைவரான மொறான் பிரபு, சேர்ச்சிலின் வைத்தியர். பிரபுக்கள் சபை உறுப்பினர். சாதுரியத்தின் காரணமாகச் சக வைத்தியர் அவருக்குத் 'தக்கைத் திருகி' என்னும் பட்டப்பெயரைச் சூட்டியிருந்தனர். பொது வைத்தியர்கள் கூட்டங்களில் முழங்கிக்கொண்டிருக்க, மொறானும் அவரது சகாக்களும் அமைச்சருடன் அமைதியாகப் பேசினர். 1947 ஜனவரியில் மூன்று கல்லூரித் தலைவர்களும் பெவனுக்குக் கடிதம் எழுதி, முறிந்த பேச்சுக்களை மீளத் தொடக்குவதற்கு வழிசெய்தனர். 1948 மார்ச் இறுதியில், முழுநேரச் சம்பள சேவை எதுவும் பிரமாணங்களின் மூலம் திணிக்கப்படமாட்டாது என்பதைத் திருத்தச் சட்டமொன்றால் உறுதிப்படுத்துமாறு மொறானின் கல்லூரி கோரியது. ஏப்ரல் 7 ஆந் திகதி பெவன் அதற்கு இணங்கினார். அதே காலப்பகுதியில் மொறானின் தலைமைப் பதவிக்கு ஹோடர் பிரபு போட்டியிட்டு மிகச் சில வாக்குகளால் தோல்வியுற்றார். நிபுணர்களுக்குள்ளும் பிளவு எத்துணை ஆழமாக இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

மே மாதத்தில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பிலும் எதிர்த்தோரே அதிகம். ஆயினும் அவர்களின் தொகை சுமார் 25,800 ஆகக் குறைந்தது. தலைவர்கள் அங்கத்தவரைச் சேவையிற் சேருமாறு அறிவுறுத்தினர். 1911 இன் வரலாறு மீண்டும் நிகழ்ந்தது.

4

நிபுணர்கள் பெற்றவை யாவை? முதலாவதாக, தாம் பெரிதும் வெறுத்த நகரசபை ஆட்சிக்குள் அவர்கள் செல்லவேண்டியிருக்கவில்லை. வைத்தியசாலைகளை உள்ளூராட்சியின் கீழ் வைத்திருக்கவேண்டுமென அமைச்சரவையில் ஹேபேட் மொறிசன் வாதாடினார். பெவன் அதனை ஏற்கவில்லை. போதனா வைத்தியசாலைகளுக்குத் தனியான ஆளுநர் சபைகள் கிடைத்தன. இரண்டாவதாக, பகுதிநேர ஒப்பந்தம். வாரத்தில் 11 அரைநாட் பொழுதுகள் எனக் கணக்கிட்டு, 9 வரை சேவைக்கு வழங்கி, எஞ்சிய நேரத்தில் தனியார் தொழில் செய்யலாம். மூன்றாவதாக, அரச வைத்தியசாலையினுள்ளேயே கட்டணப் படுக்கைகள். நான்காவதாக, 1948 இன் ஸ்பென்ஸ் குழு சிபாரிசு செய்த சிறப்புத் தகுதிக் கொடுப்பனவுகள். இதன்படி நிபுணர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் சம்பளத்துக்கு மேலாக 500, 1,500 அல்லது 2,500 பவுணை ஆண்டுதோறும் பெற்றனர். யார் யாருக்கு என்பது இரகசியமாக வைக்கப்பட்டது. தெரிவுக் குழுவின் தலைவர் மொறான் பிரபுவே. காலப்போக்கில் இக்கொடுப்பனவுகள் போதனா வைத்தியசாலைகளையும் இதயம், நரம்பு முதலான மதிப்புமிக்க துறைகளையும் நாடிச் சென்றன. முதியோர் வைத்தியமும் மனநோய் வைத்தியமும் அவற்றிற் குறைந்த பங்கையே பெற்றன.

நிபுணர்களின் வாய்களைப் பொன்னால் அடைத்ததாகப் பெவன் பின்னர் குறிப்பிட்டார் என்பர். இக்கூற்றை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் கொள்கையை விற்றுவிட்டார் என முடிவு செய்வது எளிது. ஆனால் வரலாறு அத்துணை நேர்கோட்டில் இயங்குவதில்லை. அதே பொன், செல்வந்த நோயாளரிலேயே முற்றாகத் தங்கியிருக்கும் நிலையிலிருந்து நிபுணரை விடுவித்தது. சம்பளம் எங்கும் ஒன்றாக இருந்தமையால் பணக்கார நகரத்தில் மட்டுமே வாழவேண்டிய கட்டாயம் நீங்கியது. சேவை தொடங்கிய முதற் தசாப்தத்திலேயே முன்பு நிபுணரைக் காணாத தொழிற்சாலைப் பிரதேசங்களிற் பயிற்சி பெற்ற சத்திர வைத்தியரும் மயக்கமருந்து வைத்தியரும் நியமனம் பெற்றனர். சலுகையும் சமூக நன்மையும் ஒரே ஏற்பாட்டினுள் முரண்பட்டு நின்றன. அம்முரண்பாடு தீர்க்கப்படாமலே சேவையின் அத்திவாரத்திற் புதைக்கப்பட்டது.

5

பல் வைத்தியர்களின் வரலாறு இதற்கு மாறான இன்னொரு படத்தைத் தருகின்றது. பல் வைத்தியம் தொழில்வல்லமையாக நிலைபெற்றது மிகப் பிந்தியே. 1921 ஆம் ஆண்டின் பல் வைத்தியர் சட்டம் வரை தகைமையற்றோரும் தாராளமாகப் பல் பிடுங்கலாம். அச்சட்டமுங்கூட ஏற்கெனவே தொழில் செய்துவந்தோர் பலரைப் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. நிபுணர்களைப் போன்று நான்கு நூற்றாண்டுப் பாரம்பரியமுடைய கல்லூரியோ, பிரபுக்கள் சபையில் ஒரு மொறானோ அவர்களுக்கு இருக்கவில்லை.

மக்களின் பற்கள் வர்க்க வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டின. வட இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் தொழிலாளர் குடும்பத்து இளம்பெண்ணுக்குத் திருமணத்தின்போதோ இருபத்தோராவது பிறந்தநாளிலோ எஞ்சிய பற்களை எல்லாம் பிடுங்கிப் பொய்ப்பற்கள் பொருத்திக் கொடுப்பது ஒரு சீதனம் போன்றே கருதப்பட்டது. எதிர்காலக் கணவனுக்குப் பற்செலவு மிச்சம் என்பதே அதன் பொருள். பல்லின் நோயைக் குணப்படுத்தும் வசதியில்லாதவர் பல்லையே துறந்தனர்.

பல் வைத்தியர் சங்கமும் தொடக்கத்தில் சேவையை எதிர்த்தது. அமைச்சு சம்பளத்தையன்றி ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனிக் கட்டணம் என்னும் முறையை அவர்களுக்கு வழங்கியது. தயங்கி நின்றோர் சில மாதங்களில் திரளாகச் சேர்ந்தனர். முதலாண்டிற் சுமார் 85 இலட்சம் பேர் பற்சிகிச்சை பெற்றனர். எதிர்பார்த்ததை விடப் பன்மடங்கான தேவை வெளிப்பட்டது. பல தலைமுறைகளாக அடக்கி வைக்கப்பட்ட வலி அது. பத்திரிகைகளோ அதனை இலவசத்தின் மீதான பேராசை எனச் சித்திரித்தன.

கட்டண முறையின் விளைவுகள் விரைவிலே தோன்றின. வெட்டுவதற்குப் பணம் கொடுத்தால் வெட்டுவதிலேயே நாட்டம் செல்லும் என்னும் கருத்தைப் பேணாட் ஷோ 'வைத்தியரின் தர்மசங்கடம்' என்னும் நாடகத்தின் முன்னுரையில் ஏற்கெனவே எடுத்துரைத்திருந்தார். பல் வைத்தியர்களின் வருமானம் மிகப் பெருகவே, 1949 இன் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4,800 பவுணுக்கு மேற்பட்ட மொத்த வரவில் அரைவாசியை அரசாங்கம் வெட்டியது. இதைவிடப் பாரதூரமானது இன்னொன்று. குழந்தைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் முதலிடம் வழங்குவதே சட்டத்தின் நோக்கமாயிருந்தது. ஆனால் பாடசாலைப் பல் வைத்திய சேவையிற் சம்பளத்துக்குப் பணியாற்றியோர் கூடிய வருமானத்தை நாடிப் பொதுச் சேவைக்குச் சென்றனர். வளர்ந்தோருக்குப் பொய்ப்பற்கள் பெருகிய அதே ஆண்டுகளிற் பிள்ளைகளின் பற்கள் கவனிப்பாரற்றுப் போயின. சட்டத்தின் வாசகம் ஒன்றைச் சொல்ல, கட்டண அட்டவணை வேறொன்றைச் செய்தது.

1950 இற் கொரிய யுத்தம் மூண்டது. மூன்றாண்டுகளில் 470 கோடி பவுண் செலவில் ஆயுதங்களைப் பெருக்க அரசாங்கம் தீர்மானித்தது. 1951 ஏப்ரல் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் கேற்ஸ்கெல் பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் பாதிச் செலவை நோயாளரிடமே அறவிட முன்மொழிந்தார். முதலாண்டில் மிச்சமாகவிருந்தது 1 கோடி 30 இலட்சம் பவுண் மட்டுமே. அப்போது தொழில் அமைச்சராக இருந்த பெவன் பதவி துறந்தார். ஹரோல்ட் வில்சனும் ஜோன் ஃபிறீமனும் உடன் விலகினர். 1952 இற் பழமைபேண் கட்சியின் அரசாங்கம் மருந்துச் சீட்டுக்கு ஒரு சில்லிங்கும் பற்சிகிச்சைக்கு ஒரு பவுண் வரையும் விதித்தது.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. பணம் வேண்டியிருந்தபோது கட்டணப் படுக்கைகளோ தகுதிக் கொடுப்பனவுகளோ ஏன் தொடப்படவில்லை? வாயிழந்த தொழிலாளியின் பொய்ப்பல் ஏன் முதலில் தொடப்பட்டது? முன்னையவற்றைக் காக்க அமைப்புப் பலமுடைய ஒரு குழாம் இருந்தது. பொய்ப்பல் அணிந்தோருக்குச் சங்கம் இல்லை.

6

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். தொழில்வல்லுநரின் அறிவு சட்டமியற்றுவோருக்கு இன்றியமையாதது. நிபுணர்களின் ஒத்துழைப்பின்றி 1948 இன் சேவை தோன்றியிராது. ஆனால் அவர்களின் ஆலோசனை ஒருபோதும் தூய அறிவாக மட்டும் பாராளுமன்றத்தை அடைவதில்லை. அவர்களின் வாழ்வு நிலைமையையும் சுமந்துகொண்டே வருகின்றது. மேலும், உரத்துக் கூவியோரை விட மெல்லப் பேசியோரே அதிகம் பெற்றனர். மேசையில் இடமில்லாதோரின் நலன் பின்னரே வெட்டப்படக்கூடியதாக எஞ்சியது.

புதைக்கப்பட்ட முரண்பாடு கால் நூற்றாண்டின் பின் வெடித்தது. 1974 இல் இலண்டனின் செயறிங் குறொஸ் வைத்தியசாலையிற் சிற்றூழியர்கள் கட்டணப் படுக்கைகளுக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்கினர். 1975 இல் நிபுணர்கள் எதிர்ப்போராட்டம் நடத்தினர். 1976 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படுக்கைகளைப் படிப்படியாக நீக்க முற்பட்டது. 1980 இன் சட்டம் அதனைத் திருப்பிவிட்டது. 1946 இன் மேசையில் எவருக்கு இடமிருக்கவில்லையோ அவர்களே இப்பிரச்சினையை மீள எழுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாறு நமக்கும் அந்நியமானதன்று. தகுதிக் கொடுப்பனவு சென்றடையாத முதியோர், மனநோய் வைத்தியசாலைகளைப் பல தசாப்தங்களாகத் தாங்கியோரிற் கணிசமானோர் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலுமிருந்து சென்ற வைத்தியர்கள். வறிய நாடுகளின் பொதுப்பணத்திற் பயின்றோரே செல்வந்த நாட்டின் ஏற்றத்தாழ்வை நிரப்பினர். உள்நாட்டிலோ, 1977 இன் பின்னர் அரச வைத்தியர்களுக்குக் கடமை நேரத்துக்குப் புறம்பான தனியார் தொழில் அனுமதிக்கப்பட்டது. நிபுணரைச் 'சனல்' பண்ணுதல் என்பது அன்றாடப் பேச்சு வழக்காயிற்று. காலையில் இலவசமாகக் காணத்தக்க அதே வைத்தியரை மாலையிற் கட்டணத்துக்குக் காணும் இவ்வழக்கம், 1948 இல் இலண்டனில் எழுதப்பட்ட பகுதிநேர ஒப்பந்தத்தின் தூரத்து உறவாகும். நமது சுகாதார சேவையின் வரலாற்றை எழுதப் புகுவோர், எந்தச் சட்டம் எப்போது நிறைவேறிற்று என்பதோடு நில்லாது, அச்சட்டம் எழுதப்பட்டபோது மேசையைச் சூழ இருந்தோர் யாவர், வெளியே வரிசையில் நின்றோர் யாவர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். அத்தகைய ஆய்வுக்கு இக்கட்டுரை ஒரு சிறு தூண்டுதலாக அமையின் அதுவே போதுமானது.